ரோசிக்கும் எனக்கும் ஒரே பத்தியம்

"குடி பிள்ளை, குடி. மெதுவாய்க் குடி, புரைக்கேறப் போகுது."

என் மாமனார் அவ்வளவு கனிவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. கொழும்பு வெள்ளவத்தை வீட்டின் பின் அறையில், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே பங்குனி வெயில் முற்றத்தைப் பொரித்துக்கொண்டிருந்தது. மாமா குந்தியிருந்து ஒரு மண்சட்டியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். சட்டி நிறையக் கிணற்றுத் தண்ணீர். அது தளும்பும் சத்தம் எனக்குக் கேட்டது.

என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது. குழந்தை பிறந்து ஒரு கிழமை ஆகியிருக்கும். விடிந்ததிலிருந்து எனக்குக் கிடைத்தது கொதித்து ஆறிய தண்ணீரில் இரண்டொரு மிடறு. அதையும் மாமி பக்கத்தில் நின்று, போதும் போதும் என்று சொல்லிக்கொண்டேதான் தந்தார்.

மாமா "பிள்ளை" என்று அழைத்தது என்னையல்ல. மேரி என்ற முயலை.

இந்தப் பக்கத்தைக் கிழமை தவறாமல் படிப்பவர்களுக்கு மாமாவை ஏற்கெனவே தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையை வாங்கியவர்களுக்காகச் சொல்கிறேன். மாமா அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவர். பென்சனோடு அவருக்கு வந்த வியாதி, அதிகாரம் பண்ண ஆளில்லாமை. வீட்டில் மாமி இருந்தார்தான். ஆனால் மாமியிடம் மாமாவின் அதிகாரம் செல்லாது. மகன், அதாவது என்னவர், மருதானை றெயில்வேக் கந்தோருக்கு விடியப் போய்ப் பொழுதுபடத்தான் வருவார். மிஞ்சியது நான். மருமகளிடம் மாமனார் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் அப்போது இல்லை.

ஆகவே அவருக்கு முயல் தேவைப்பட்டது.

வெள்ளைக்காரிகள் வந்த கதை

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அரிசிக்குக் கூப்பன், சீனிக்குக் கூப்பன். கையில் கூப்பன் இருந்தால் கடையில் சாமான் இருக்காது. வளவில் எதையாவது நடுங்கள், எதையாவது வளருங்கள் என்று அரசாங்கம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. அயலில் எல்லோரும் மரவள்ளி நட்டார்கள். கந்தோரில் தலைமைக் கதிரையில் இருந்தவர் மரவள்ளி நடலாமா? அந்தஸ்து என்னாவது?

கோட்டைப் பக்கத்து ஹோட்டல்களில் பட்டாளத்துக்காரர் முயலிறைச்சிக்குத் தவம் கிடக்கிறார்கள் என்று மாமா எங்கேயோ கேள்விப்பட்டார். இதிலே ஒரு சின்னச் சிக்கல். நாங்கள் சைவம். முட்டைக் கோதைக் கண்டாலே மாமி வாசலுக்குச் சாணித்தண்ணி தெளிப்பார். "திங்கிறவனுக்குத்தான் பாவம், வளர்க்கிறவனுக்கு இல்லை," என்று மாமா தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்த மாமி, முயல்கூட்டுக்குக் கிட்டத் தன் நிழல்கூட விழாது என்று மறுதீர்ப்புச் சொன்னார்.

ஒன்றை இப்போதே சொல்லி வைக்கிறேன். கடைசிவரை ஒரு பட்டாளத்துக்காரனும் எங்கள் வீட்டு முயலின் வாலைக்கூடக் காணவில்லை. வந்த அன்றே மாமா அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டார். பெயர் வைத்ததை விற்க அவருக்கு மனம் வரவில்லை.

முயல்களைக் கொண்டுவந்தவர் கொட்டாஞ்சேனையில் பலசரக்குக் கடை வைத்திருந்த காசிம் நானா. மலைநாட்டுத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விட்டுப்போன சாதி முயல்கள். ஒரு கடுவன், இரண்டு பெட்டை. எல்லாம் தும்பைப்பூ வெள்ளை.

"ஐயா, இது குளிர்ல வளந்த சாமான்," என்றார் நானா. "இந்த ஊர்ச் சூட்டுக்கு ஈக்குமோ தெரியா. பொறகு என்ன ஏசப்படாது."

"நானா, வெள்ளைக்காரரே வந்து நூறு வருஷத்துக்கு மேல தாங்கிக்கொண்டு இருக்கினம். முயல் தாங்காதோ?"

"அவங்க பங்கா இழுக்க ஆள் வெச்சி ஈக்கிறாங்க ஐயா," என்று சொல்லிவிட்டு நானா போய்விட்டார்.

மாமா பெட்டைகளுக்கு ரோசி, மேரி என்று பெயரிட்டார். கடுவனுக்குப் பெயர் வைக்கவில்லை. அதன் வேலைக்குப் பெயர் தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ. கூடுகளுக்குக் கூரையாகப் பளபளக்கும் தகரம் போட்டார். மத்தியானம் ஆனதும் மூன்றும் காதைப் பரத்திப் போட்டுக்கொண்டு, வயிற்றை நிலத்தில் ஒட்டி, மூச்சிரைக்கக் கிடந்தன. புல்லை முகர்ந்து பார்க்கவும் இல்லை.

சீரகம் போன வழி

மாமாவுக்குத் தகரத்தின் மேல் சந்தேகம் வரவில்லை. சாப்பாட்டின் மேல் வந்தது.

"வெக்கையில பசி மந்தம்," என்று மத்தியானச் சாப்பாட்டில் பொதுவாக எல்லோருக்கும் அறிவித்தார். "மனுசருக்கு மந்தமெண்டால் என்ன குடுக்கிறம்? ஓமம், சீரகம், வேர்க்கொம்பு. முயலுக்கும் வயிறுதானே இருக்கு?"

வேர்க்கொம்பு என்பது சுக்கு. அன்று பின்னேரமே உரலில் இடி தொடங்கியது. ஓமம், சீரகம், வெந்தயம், கொஞ்சம் மஞ்சள், காய்ந்த உள்ளி (பூண்டுதான்), நுனியளவு வேர்க்கொம்பு. எல்லாவற்றையும் வறுத்து, இடித்து, அரித்து, அரிசித் தவிட்டோடு சேர்த்துப் பிசறினார். இதற்கு "மிக்ஸ்சர்" என்று பெயர். மேலே தூவ முருங்கையிலையும் வல்லாரையும்.

வல்லாரைக்காகப் பாமன்கடைப் பக்கத்துக் கால்வாய்க்கரைக்கு நடந்து போவார். கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, குடை பிடித்துக்கொண்டு போய்ப் புல்லுப் பிடுங்கிய ஒரே மனிதர் இந்த இலங்கையிலேயே என் மாமாவாகத்தான் இருக்கும். "ஹாவன்ட த மாத்தயா?" என்று, அதாவது முயலுக்கா ஐயா என்று, வழியில் போகிறவர்கள் விசாரிப்பார்கள். "ரிசர்ச்" என்று சொல்லிவிட்டு நடப்பார். பையிலிருந்து பொன்னாங்காணி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மிக்ஸ்சர் வேலை செய்தது! சில நாட்களில் மூன்றும் எழுந்து உட்கார்ந்தன. தவிட்டுச் சட்டியை நக்கி வெறுமையாக்கின. உள்ளி கூடினால் மட்டும் மூக்கைச் சுழித்துத் திரும்பிக்கொள்ளும். மாமா உள்ளியைக் குறைப்பார், வெந்தயத்தைக் கூட்டுவார், தாடையைத் தடவிக்கொண்டு நின்று பார்ப்பார். அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

மாமியின் சரக்குத் தகரப் பேணியில் சீரகமும் குறைந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, பேணியில கிடந்த சீரகம் எங்க?"

"எக்ஸ்பெரிமென்ட் நடக்குது."

"பிள்ளைப்பெறுவுக்கெண்டு நான் ஒளிச்சு வைச்சதெல்லோ! மருமகளின்ர சரக்கை முயலுக்குத் தீத்திப்போட்டு எக்ஸ்பெரிமென்டாம். கூப்பன் காலத்தில சீரகம் என்ன வேலியிலயோ காய்க்குது?"

"ஏன் கத்திறாய்? ரோசியும் பிள்ளைத்தாச்சிதான்."

மாமி முற்றத்துக் கூட்டைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். அப்போது எனக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது.

"முதலே சொல்லுறதுக்கென்ன," என்றார். குரல் இறங்கிவிட்டது.

பத்தியத்தில் ஒரு முயல்

எங்கள் ஆட்கள் பிள்ளை பெற்றவளை எப்படி நடத்துவார்கள் என்பதை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். பெற்றவள் பச்சை உடம்புக்காரி. காற்றுப் படக்கூடாது, பச்சைத்தண்ணீர் படக்கூடாது. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு எல்லாம் அரைத்த சரக்கைக் கறியாக்கிச் சோற்றோடு தருவார்கள். அந்தச் சரக்கில் நான் குறை சொல்ல மாட்டேன், வாசமே பசியைக் கிளப்பும். அதைத் தின்றபின் தண்ணீர் கேட்கக்கூடாது. குடித்தால் வயிறு வைக்கும், சன்னி வரும், பிள்ளைக்குக் குளிர் பிடிக்கும். நாவை நனைக்கலாம். அவ்வளவுதான்.

இந்த இலாகாவில் மாமிதான் தலைமைக் கிளாக்கர். "அஞ்சு பெத்தவள் நான்," என்பதுதான் அவருடைய சேர்ட்டிபிக்கட். ஐந்தில் நான்கு வளர்ந்து ஆளாகியிருந்தார்கள். மூத்தது பெண். "தங்கேல்லை" என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார். நாங்களும் கேட்பதில்லை.

ரோசி தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டு ஐந்தாறு குட்டிகள் ஈன்றாள். மாமா ஓடிவந்து குசினி வாசலில் நின்றார். கந்தோரில் வெள்ளைக்காரத் துரைக்கு முன் நிற்பதுபோல நின்றார்.

"இஞ்சேர், ரோசி பெத்திட்டாள். இனி என்ன குடுக்கிறது?"

"இதென்ன கேள்வி? சரக்குத்தான். பச்சை இலையை நிப்பாட்டுங்கோ, முருங்கையிலை வல்லாரை ஒண்டும் வேண்டாம், குளிர்மை. தண்ணிச் சட்டியை எடுத்துப்போடுங்கோ. கூட்டைச் சாக்குப் போட்டு மூடுங்கோ, காத்துப் படாமல்."

உலகத்திலேயே பத்தியம் காத்த முதல் முயல் எங்கள் ரோசிதான். தகரக் கூரை, சுற்றிச் சாக்கு, வாய்க்கு மிளகும் வேர்க்கொம்பும் கூட்டிய மிக்ஸ்சர். மாமா ஒன்றும் விடாமல் செய்தார். மாமி தூரத்தில் நின்று, ஆசாரத்தோடு, மேற்பார்வை பார்த்தார்.

குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. கண்ணும் திறக்காததுகள். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி. ரோசி வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் கிடந்தாள். மாமா அவற்றை முருங்கையடியில் புதைத்தார். அன்று அவர் சாப்பிடவில்லை.

"குளிர் பட்டிருக்கும்," என்றார் மாமி.

வெள்ளவத்தையில். மாசி வெயிலில். தகரத்துக்குக் கீழே. குளிர்!

நனைந்த சாக்கு

மாமா மிக்ஸ்சரைத்தான் சந்தேகித்தார். மிளகை நிறுத்தினார், வேர்க்கொம்பைப் பாதியாக்கினார். தகரத்தை ஒருவழியாகக் கழற்றித் தென்னோலைக் கிடுகு போட்டார். அடுத்துப் பெற்றவள் மேரி. இவளுக்கும் இலை இல்லை, தண்ணீர் இல்லை, சாக்கு உண்டு. மாமியின் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ஆனால் மேரியின் கூடு கிணற்றடிக்குப் பக்கத்தில். நான் குளிக்கும்போது வாளித் தண்ணீர் தெறித்துச் சாக்கெல்லாம் நனைந்துவிடும். ஒருநாள் தலை துவட்டிக்கொண்டு நிற்கும்போது பார்க்கிறேன், மேரி சாக்கின் நுனியை வாய்க்குள் இழுத்து உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஆவேசத்தோடு. மாமாவும் பார்த்துவிட்டார். சாக்குக் காய்ந்த நாளில் குட்டிகள் சுருண்டு கிடந்ததையும், நனைந்த நாளில் புரண்டு விளையாடியதையும் அவர் முன்பே கண்டிருக்கிறார். காரணம்தான் அன்றைக்குப் பிடிபட்டது.

போய் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்தார். மேரி தலையெடுக்காமல் குடித்தாள். மறுபடி வார்த்தார். அதையும் குடித்தாள். பச்சை இலையும் திரும்ப வந்தது. குட்டிகள் கொழுத்து உருண்டன. அதன் பிறகு ரோசிக்கும் ஒரு சட்டி. பெயரில்லாத கடுவனுக்கும் ஒன்று.

அன்று இராச் சாப்பாட்டில் மாமா பிரசங்கம் செய்தார்.

"மிக்ஸ்சரில பிழையில்லை. சரக்கு பசியைத் திறக்கும். ஆனால் இந்த வெக்கைக்குத் தண்ணியில்லாமல் சரக்கு மட்டும் போனால் உடம்பைக் காய வைக்கும். பால் வத்தும். தாயும் காயும், குட்டியும் காயும். இதுதான் சங்கதி!"

"முயலுக்குச் சரி," என்றார் மாமி, சோறு போட்டபடி.

"உம்," என்றார் என்னவர்.

நான் பெரிய வயிற்றோடு தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. முயல் கதைதானே என்று இருந்துவிட்டேன்.

என் முறை

குழந்தை வீட்டில்தான் பிறந்தது. மிட்வைஃப் வேலை பார்த்த சிங்கள நோனா கெட்டிக்காரி. போகும்போது கையைத் துடைத்துக்கொண்டு, "ஹொந்தட்ட வத்துர பொன்ன தென்ன," என்றார். நன்றாகத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள் என்பது அர்த்தம். மாமிக்கு மீன்காரனிடம் சண்டை பிடிக்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். (மீன் வாங்குவதற்கல்ல, வாசலில் கூடையை இறக்கியதற்காக.) "ஹொந்தாய், ஹொந்தாய்" நல்லது, நல்லது என்று சிரித்து, வெற்றிலை கொடுத்து, நோனாவை வாசல்வரை வழியனுப்பினார். கதவைச் சாத்தியதும் திரும்பினார்.

"உவவுக்கு எங்கட உடம்பைப் பற்றி என்ன தெரியும்!"

பிறகு யன்னலின் கீழ்ப்பலகையைச் சாத்தினார். மேலே கம்பி வழியாக மட்டும் முற்றம் தெரிந்தது. முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு, முடியும்வரை மாமாவுக்கு அந்த அறைப்பக்கம் வேலையில்லை.

சரக்கு வந்தது. உறைப்பென்றால் உறைப்பு. கண்ணால் தண்ணீர் வந்தது, உள்ளே போகத்தான் தண்ணீர் இல்லை. முதல் இரண்டொரு நாள் பால் சுரந்தது. பிறகு குறைந்தது. பிறகு பிள்ளை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி வீரிடத் தொடங்கினாள். அதற்கும் பிறகு வீரிடவும் சத்தம் குறைந்து, பூனைக்குட்டி மாதிரி முனகினாள். உச்சிக்குழி பதிந்திருந்தது.

"பால் காணாது," என்றார் மாமி. "இன்னும் கொஞ்சம் சரக்குக் கூட்டுவம்."

"மாமி, தண்ணி விடாய்க்குது."

"பச்சை உடம்படி பிள்ளை. பொறுத்துக்கொள். நாங்களும் பொறுத்தனாங்கள்தான்."

என்னவரிடம் கேட்டேன். பொழுதுபட வந்து வாசலில் நின்று பிள்ளையை எட்டிப் பார்த்தவரிடம், ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவாருங்கள், யாருக்கும் தெரியாமல் என்றேன். தலையாட்டினார். நேரே குசினிக்குப் போனார். போய், "அம்மா, இவள் தண்ணி கேக்கிறாள், குடுக்கலாமோ?" என்று கேட்டார். இப்படிப்பட்ட மனிதரோடு நான் ஐம்பது வருஷத்துக்குக் கிட்ட வாழ்ந்திருக்கிறேன் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பால்மாப் பேணி கப்பல் வந்தால்தான் உண்டு. கப்பல் எப்போது வருமென்று கப்பலுக்கே தெரியாது. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. பிள்ளை செத்துப்போவாள் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு நடுவிலும் யன்னலுக்கு வெளியே ஒரு முயல் சட்டி சட்டியாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையில் எனக்கு வயிறெரிந்தது. நனைந்த சாக்கு அவளுக்கு, கிடுகு நிழல் அவளுக்கு, பாமன்கடை வல்லாரை அவளுக்கு. படித்த குடும்பத்தில் முயலாகப் பிறக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்!

யன்னல் கம்பி

"குடி பிள்ளை, குடி," என்று மாமா சொன்னது அன்றைக்குத்தான்.

"மாமா," என்றேன்.

அவர் திடுக்கிட்டார். துடக்கு அறையிலிருந்து மருமகள் மாமனாரைக் கூப்பிடுவதா? திரும்பிப் பார்க்கவில்லை. முயலைப் பார்த்தபடியே, "என்ன?" என்றார்.

"மேரி வலுவாய்த் தண்ணி குடிக்கிறாள் போல."

இதைக் கேட்டதும் மனிதருக்கு வழக்கமெல்லாம் மறந்துபோய்விட்டது. மேரியைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று இருந்தவர் அவர்.

"பின்னை? குட்டிக்கு ஊட்டுறவளெல்லோ! மற்றதுகளைவிட ரெண்டு மடங்கு குடிப்பாள். இந்த வெக்கைக்கு அதுவும் காணாது."

"குடுக்காட்டி?"

"பால் வத்திப்போம். குட்டியள் சத்தமில்லாமல் காஞ்சு போம்."

"மிக்ஸ்சரைக் கூட்டிக் குடுத்தால், மாமா?"

"விசரே? காஞ்ச வயித்துக்கு மிளகையும் வேர்க்கொம்பையும் கூட்டினால் இன்னுமெல்லோ காயும். ரோசிக்கு விட்ட பிழை அதுதானே."

"அப்ப ரோசிக்கு விட்ட பிழையை எனக்கும் விடலாமோ?"

மாமாவின் கையில் சட்டி அப்படியே நின்றது. தண்ணீர் வழிந்து அவருடைய வேட்டியை நனைத்தது. பிறகு திரும்பினார். நான் இந்த வீட்டுக்கு வந்தபின் அவர் என் முகத்தை நேரே பார்த்தது அன்றைக்குத்தான். என் உதடு வெடித்திருந்தது. தோளில் பிள்ளை முனகிக்கொண்டிருந்தாள். காலமெல்லாம் கந்தோர்க் கணக்குப் பார்த்தவருக்கு ஒன்றையும் ஒன்றையும் கூட்ட இவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

அவர் வாயைத் திறந்தார். ஆனால் அவருடைய பார்வை என்னைத் தாண்டிப் போனது. திரும்பினேன். எனக்குப் பின்னால், அறை வாசலில், மத்தியானச் சரக்குக் கறிச் சட்டியோடு மாமி நின்றுகொண்டிருந்தார்.

செத்தேன் என்று நினைத்தேன். மாமி சட்டியை நிலத்தில் வைத்தார். குசினி வழியாக நடந்து முற்றத்துக்குப் போனார்.

மூத்தது

தன் நிழல்கூட விழாது என்று சொன்ன இடத்தில் மாமி போய் நின்றார். மேரியின் கூட்டுக்கு அல்ல, ரோசியின் கூட்டுக்கு முன்னால். எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அண்டைக்கு இவளின்ர குட்டியள் செத்தது தண்ணியில்லாமலோ?"

"ஓம்," என்றார் மாமா.

"குளிர் பட்டு இல்லையோ?"

"இல்லை."

மாமி கூட்டுக்குக் கிட்டக் குனிந்தார். ரோசி கூட்டுக்குள் காதை அசைத்தாள்.

"எங்கட மூத்தது அழுதழுது, பிறகு அழாமல் முனகிப்போட்டுத்தான் போனது. இந்தா, உள்ளுக்குக் கேக்குதே, இதே சத்தம்தான். எனக்குப் பால் இல்லையெண்டு சொன்னவை. ராசியில்லாதவள் எண்டும் சொன்னவை. நான் தண்ணி கேட்டனான். கெஞ்சிக் கேட்டனான். தரேல்லை."

மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அதுவும் இதுதானோ? சொல்லுங்கோவன். எல்லாத்துக்கும் விளக்கம் வைச்சிருக்கிறியளே, இதுக்கும் சொல்லுங்கோ."

மாமாவிடம் விளக்கம் இருந்தது. சாப்பாட்டில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைச் சொன்னவர் அவர்தான். இப்போது சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாமி அழவில்லை. உள்ளே வந்தார். குசினியில் கொதித்து ஆறியிருந்த தண்ணீரை, செம்பில் வார்க்காமல், பானையோடு தூக்கிக்கொண்டு வந்தார். என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினார்.

"குடி."

"மாமி, பத்தியம்..."

"குடியெண்டிறன்!"

குடித்தேன். பானையை இரண்டு கையாலும் பிடித்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ விருந்து சாப்பிட்டிருக்கிறேன், அந்தத் தண்ணீரின் ருசிக்கு ஒன்றும் கிட்ட வராது. மாமி பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

"மெதுவாய்க் குடி பிள்ளை," என்றார். "புரைக்கேறப் போகுது."

பால் வந்தது. அன்றைக்கே இல்லை, ஆனால் வந்தது. துடக்குக் கழிவுக்கு வந்த சனம் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்து மெச்சியது. "எங்கட சரக்கின்ர குணம்," என்றார் மாமி. வாசலில் மாமா காசிம் நானாவிடம், தன்னுடைய மிக்ஸ்சர் முறைப்படி வெந்தயம் கூட்டியதால் வந்த பலன் என்று விளக்கிக்கொண்டிருந்தார். நோனாவுக்கும் ஒரு தட்டம் வெற்றிலை கொடுத்தார்கள். தண்ணீருக்கு ஒருவரும் ஒரு பாராட்டும் சொல்லவில்லை. என்னவர் "உம்" என்றார்.

அந்தப் பிள்ளைதான் இப்போது என் கண்ணுக்கு மருந்து விடுகிற என் மூத்தவள். இதைப் படித்துவிட்டு, "என்னை முயலோட சேத்து எழுதிப்போட்டியளே அம்மா," என்று ஏசுவாள். ஏசட்டும்.

எனக்குத் தண்ணீர் தந்த மறுநாளிலிருந்து முயல்களுக்குத் தண்ணீர் வைக்கும் வேலையை மாமி எடுத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. குளித்து, திருநீறு பூசி, சாமிக்குப் பூ வைத்துவிட்டு, கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு நேரே கூட்டடிக்குப் போவார். ஆசாரம் என்ன ஆனதென்று கேட்க மாமாவுக்குத் துணிவில்லை. ஆனால் விஞ்ஞானி அல்லவா, ஒருநாள் வாய் பொறுக்காமல் சொல்லிப் பார்த்தார்.

"முதல்ல மேரிக்கு வை. அவளெல்லோ ஊட்டுறவள். ரோசிக்குக் குட்டி இல்லைத்தானே."

மாமி ரோசியின் சட்டியைக் கழுவி, விளிம்புவரை நிரப்பி, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தார். பிறகுதான் மேரியிடம் போனார்.